சாரல் ஊரில் சடை நாய்: தினமும் பிரஷா, குட்டையாக வெட்டுவதா?

செங்கோட்டைப் பக்கம் ஷிட்சு என்கிற சின்னச் சடை நாய் வளர்க்கிறவர்களிடம் பேசினால் எல்லாருக்கும் ஒரே புலம்பல்தான், பிரஷைக் கையில் எடுத்தாலே நாய் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது என்பார்கள். எங்கள் வீட்டு ஷிட்சுவும் அப்படித்தான். இதற்கு மூன்று வழி இருக்கிறது. வீட்டிலேயே தினமும் பிரஷ் செய்து நீள முடியைக் காப்பாற்றலாம், மாதாமாதம் நாய்க்கு முடி வெட்டுகிற பார்லருக்குக் கொண்டு போகலாம், இல்லையென்றால் கிளிப்பர் என்கிற முடி வெட்டும் மெஷின் வாங்கி உடம்பு முடியை நாமே குட்டையாக வெட்டிவிடலாம். நாங்கள் மூன்றாவதைப் பிடித்துக்கொண்டோம், அதனால் என் எழுத்து அந்தப் பக்கம்தான் சாயும்.

அழகு என்று பார்த்தால் நீள முடிதான், அதில் பேச்சே இல்லை. செலவில் கிளிப்பர் ஒரு தடவைச் செலவு, பார்லர் தொடர் செலவு. இதை எல்லாரும் கணக்குப் போட்டுக்கொள்வார்கள், விடுங்கள்.

முதலில் பிரஷ். ஷிட்சுவுக்கு முடி அதிகம் தரையில் உதிராது என்று சொல்லி விற்கிறார்கள், உண்மைதான், ஆனால் உதிர்ந்த முடி சடைக்குள்ளேயே மாட்டிக்கொண்டு சிக்காகிறது. காதுக்குப் பின்னால், முன்னங்கால் அக்குளில், கழுத்துப் பட்டைக்கு அடியில், விரல் இடுக்கில் என்று இந்த இடங்களில்தான் முதலில் சிக்கு விழும். கம்பிப் பல் பிரஷால் மேலாக இழுத்தால் பார்க்கப் பளபளவென்று இருக்கும், அடியில் கம்பளி மாதிரி கெட்டிப்பட்டுக் கிடக்கும். முடியைக் கையால் விலக்கி வகிடு வகிடாக வார வேண்டும், கடைசியில் ஸ்டீல் சீப்பு தோல் வரை தடையில்லாமல் இறங்கினால்தான் வேலை முடிந்தது என்று அர்த்தம். சிக்கு இருக்கிற இடத்தில் ஒரு கையால் முடியின் வேர்ப்பக்கத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து எடுத்தால் தோல் இழுபடாது. பாதி நாய்கள் பிரஷை வெறுப்பதே இந்த இழுப்பினால்தான். எங்கள் அம்மா தள்ளி நின்று பார்த்துவிட்டு, "ஏட்டி, அதைப் போட்டு இழுக்காதட்டி, அதுக்கும் வலிக்கும்லா" என்பாள், அவள் சொன்னது சரிதான்.

பொறுமை இருந்தால் பழக்கிவிடலாம். ஒரு இழுப்பு, ஒரு துண்டு வேகவைத்த கோழி, நாய் தலையைத் திருப்பும் முன்னாடி நாமே நிறுத்திவிடுவது என்று போனால் பல நாய்கள் அடங்கி உட்காரும். எங்கள் நாயும் அந்த அளவுக்கு வந்தது. ஆனால் இந்த ஊரில் அது போதாது, காரணம் சாரல்.

ஜூனிலிருந்து செப்டம்பர் வரை ஆரியங்காவு கணவாய் வழியாக வருகிற மழைக்காற்றில் துவைத்த துணியே காயாது, அப்புறம் நாய் முடி எங்கே காயும்? முற்றத்தில் ஒண்ணுக்குப் போய்விட்டு வந்தாலே வயிறும் காலும் நனைந்துவிடும். நீள முடியில் மேலே காய்ந்தது போல இருக்கும், வேரில் ஈரம் நிற்கும். சிக்கு இருந்து அது நனைந்துவிட்டால் இறுகிப்போகும், அதனால்தான் குளிப்பாட்டும் முன்பே சிக்கெடுக்கச் சொல்வார்கள். இறுகிய சிக்குக்கு அடியில் காற்றுப் போகாமல் தோல் சிவந்து, நாற்றம் வந்து, நாய் நக்கி நக்கிப் புண்ணாக்கிக்கொள்ளும். சரி, டிரையர் போடலாம் என்றால் நீள முடியை வெறும் டிரையரால் உலர்த்த முடியாது, பிரஷால் பிரித்துக்கொண்டே காற்றைக் காட்ட வேண்டும், அதுவும் சூடு குறைவாக வைத்து. ஆக, நனைந்த ஒவ்வொரு தடவையும் பிரஷ், கூடவே டிரையரின் இரைச்சல். பிரஷைக் கண்டால் நடுங்குகிற நாய்க்கு நாலு மாதம் இப்படி நடத்துவது எனக்கு மனசு ஒப்பவில்லை. குட்டை முடி என்றால் துண்டால் ஒற்றி எடுத்து ஃபேனுக்கு அடியில் விட்டால் போதும். நாங்கள் முடிவெடுத்தது இந்த ஒரு காரணத்துக்காகத்தான். உண்ணி கண்ணில் படுவது கூடுதல் லாபம். ஆடு மேய்கிற தோப்பும் வரப்புமாக இருக்கிற ஊரில் உண்ணிக் காய்ச்சல் சின்ன விஷயமில்லை.

வெட்டுவதற்கு நாய்க்கென்று விற்கிற கிளிப்பரே வேண்டும். 10-ம் நம்பர் பிளேடு 1.5 மில்லிமீட்டர் முடி விடும், வயிற்றுக்கும் சிக்குக்கும் அது. உடம்புக்கு 4எஃப் பிளேடு, சுமார் 9.5 மில்லிமீட்டர், நாய் மொட்டையாகவும் தெரியாது. முடி படிந்திருக்கிற திசையிலேயே ஓட்டுங்கள். ஓட ஓட பிளேடு சூடாகும், அடிக்கடி உங்கள் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பாருங்கள். சிக்கை மட்டும் கத்தரிக்கோலால் வெட்டவே கூடாது, தோல் சிக்குக்குள் ஏறி நிற்கும், முடி என்று நினைத்துத் தோலை வெட்டிவிடுவோம். வாங்கியவுடனே நாய் மேல் வைக்காமல், அது சாப்பிடும்போது பக்கத்தில் சும்மா ஓடவிட்டுச் சத்தத்துக்குப் பழக்குங்கள். ஆறேழு வாரத்துக்கு ஒரு தடவை வெட்டினால் சமாளிக்கலாம். காது, வால், மீசை முடியை நாங்கள் விட்டுவைத்திருக்கிறோம், அதை மட்டும் சீப்பால் வாருகிறோம், அந்த அளவுக்கு அது பொறுத்துக்கொள்கிறது.

பார்லர் பற்றி நான் குறைவாகத்தான் சொல்ல முடியும், அதிகம் போனதில்லை. முதல் வெட்டுக்கும் மோசமாகச் சிக்கு விழுந்த நாய்க்கும் கைப்பழக்கம் உள்ளவரிடம் போவதே நல்லது. ஆனால் இரண்டு விசிட்டுக்கு நடுவில் வீட்டில் வாராவிட்டால் அவர்களும் கடைசியில் வழித்துத்தான் விடுவார்கள். போகும் முன் ஒன்று மட்டும் கேளுங்கள்: டிரையரைக் கையில் பிடித்து உலர்த்துவார்களா, கூண்டுக்குள் விட்டு உலர்த்துவார்களா? ஷிட்சு மாதிரி சப்பை மூக்கு நாய்கள் சூட்டைத் தாங்காது, கூண்டு டிரையர் உயிருக்கே ஆபத்து.

நான் சொன்னது ஷிட்சு, லாசா மாதிரி முடி வளர்ந்துகொண்டே இருக்கிற நாய்களுக்குத்தான். பொமரேனியன், கோல்டன் ரிட்ரீவர் போன்றவற்றுக்கு அடிமுடி, மேல்முடி என்று இரண்டு அடுக்கு. ஒட்ட வழித்தால் திரும்ப ஒழுங்காக முளைக்காமலே போகலாம். புளியரையில் என் மதினி வீட்டுக் கோல்டனுக்குப் பார்லர்தான், நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

நீள முடிதான் வேண்டும் என்று நிற்கிறவர்கள், மே கடைசியிலேயே அக்குள், அடிவயிறு, பாதத்து அடி, பின்பக்கம் இந்த நாலு இடத்தை மட்டுமாவது ஒட்ட வெட்டிவிடுங்கள். வெளியே தெரியாது, பிரஷ் வேலை பாதி குறையும். இதுவரை சும்மா நின்ற நாய் திடீரென்று பிரஷைக் கண்டு உறுமினால் பழக்கக் கோளாறு என்று விட்டுவிடாமல் காதையும் தோலையும் டாக்டரிடம் காட்டுங்கள்.