தி ஸ்ட்ரோக்ஸ்: முதல் ஆல்பமா, இரண்டாவதா?

நியூயார்க்கின் தி ஸ்ட்ரோக்ஸ் ராக் இசைக்குழுவைப் புதிதாகக் கேட்கப் போகிறவர் கையில் எல்லாரும் திணிப்பது 2001-இல் வந்த ‘இஸ் திஸ் இட்’ ஆல்பத்தைத்தான். 2003-இல் வந்த ‘ரூம் ஆன் ஃபயர்’ எப்போதும் தம்பி கணக்கு. இரண்டிலும் 11 பாட்டு, இரண்டுக்கும் தயாரிப்பாளர் கார்டன் ரஃபேல், இரண்டுமே 40 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் விமர்சகர்களின் மதிப்பெண்களைத் தொகுத்து நூற்றுக்கு இத்தனை என்று சொல்லும் மெட்டாக்ரிட்டிக் தளத்தில் மூத்ததுக்கு 91, இளையதுக்கு 77.

மூத்தது வந்த வேளை அப்படி. பாடகர் ஜூலியன் காசாபிளாங்கஸ் ஒரு சின்ன ஆம்ப் (கிதார் ஒலிபெருக்கி) வழியாகப் பாடியிருக்கிறார். குரல் பழைய டெலிபோனில் வருவதுபோல் கரகரக்கும். பிரிட்டனின் என்எம்இ இசை இதழ் பத்துக்குப் பத்து கொடுத்தது. 2009-இல் அந்தப் பத்தாண்டின் சிறந்த ஆல்பம் என்றும் சொன்னது. அமெரிக்காவில் செப்டம்பர் 11 தாக்குதலால் சிடி அக்டோபருக்குத் தள்ளிப்போனது. நியூயார்க் போலீஸைக் கிண்டலடித்த பாட்டை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டார்கள். (அந்தப் பாட்டு இல்லாத பதிப்பு எனக்கு எப்போதும் ஒரு பல் குறைந்த மாதிரிதான்.)

இரண்டாவதுக்கு முதலில் பிரிட்டிஷ் ராக் குழு ரேடியோஹெட்டின் தயாரிப்பாளர் நைஜல் காட்ரிச்சுடன் உட்கார்ந்தார்கள். சரிப்பட்டு வரவில்லை, ரஃபேலிடமே திரும்பினார்கள். விமர்சகர்கள் பலரும் அரைத்த மாவையே அரைத்திருக்கிறார்கள் என்றார்கள்.

அதே மாவுதான், மறுக்கவில்லை. ஆனால் இந்த முறை நன்றாகப் புளித்திருக்கிறது. ‘12:51’ பாட்டில் கீபோர்டு என்று நாம் நினைப்பது குழுவின் கிதார் கலைஞர் நிக் வலென்சியின் கிதார். ‘ரெப்டீலியா’வில் டிரம்ஸும் பேஸும் முதலில் வந்து நம்மைக் காக்க வைத்துவிட்டுத்தான் கிதாரை உள்ளே விடுகின்றன. ‘அண்டர் கன்ட்ரோல்’ பழைய சோல் (கறுப்பின அமெரிக்கர்களின் உருக்கமான இசைவகை) பாட்டுப் போல நிதானமாக நகரும்.

இன்னொன்று. முதல் ஆல்பத்தின் ‘லாஸ்ட் நைட்’ தொடக்கம் அமெரிக்க ராக் பாடகர் டாம் பெட்டியின் ‘அமெரிக்கன் கேர்ள்’ பாட்டிலிருந்து எடுத்தது என்று குழுவே ஒப்புக்கொண்டது. பெட்டி கேட்டுச் சிரித்துவிட்டார். அடுத்தவரிடம் எடுத்தபோது பாராட்டு, தங்களிடமிருந்தே எடுத்தபோது குற்றமா?

சரி, ஒன்றுதான் என்றால்? ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று தெரிய வேண்டுமானால் முதலாவது. நான் அடிக்கடி போடுவது இரண்டாவது.