அல்கோ டிரேடிங் பிளாட்ஃபார்ம்: வெக்டர் எஞ்சினா, ஈவென்ட் எஞ்சினா?

கணினி நிரலே வாங்கி விற்கும் (அல்கோ) திறந்த மூல டிரேடிங் பிளாட்ஃபார்ம் கட்டும்போது எந்த நிரல்மொழி என்பதைவிட எந்த எஞ்சின் (ஸ்ட்ராட்டஜியை, அதாவது வாங்கி விற்கும் உத்தியை, விலைகளின் மேல் ஓட்டும் பகுதி) என்பதே பெரிய கேள்வி. அதில் தவறினால் பாதி வேலையைத் திரும்பச் செய்ய வேண்டிவரும்.

வெக்டர் முறையில் பல வருட விலைகளும் பாண்டாஸில் (பைத்தானின் தரவு அட்டவணை நூலகம்) ஒரே வீச்சில் கணக்காகும். ஆயிரம் பாராமீட்டர்களை (சராசரிக்கு எத்தனை நாள் என்பது போன்ற அமைப்பு எண்களை) சலித்துப் பார்க்க இது மிக வேகமான வழி. ஆனால் பிழை சத்தமில்லாமல் நுழையும். 20 நாள் சராசரி 50 நாள் சராசரியை வெட்டியது அன்றைய பார் (ஒரு கால அளவின் விலைப் பதிவு, இங்கே ஒரு நாள்) மூடிய பிறகுதான் தெரியும். சிக்னலை (வாங்கு அல்லது விற்பு அறிகுறியை) ஒரு பார் தள்ளிவைக்க (ஷிஃப்ட்) மறந்தால், அந்தப் பாரின் ஏற்றமும் நம் லாபமாகப் பதிவாகிவிடும். எர்ரர் வராது, லாப வரைபடம் மட்டும் அழகாக ஏறும்.

ஈவென்ட் முறையில் பார்கள் ஒவ்வொன்றாகத்தான் வரும், அதனால் நாளைய விலையை எட்டிப்பார்ப்பது கடினம். மெதுவானதுதான். ஆனாலும் பேக்டெஸ்ட்டில் (பழைய விலைகளில் சோதிப்பதில்) ஓடிய அதே ஸ்ட்ராட்டஜி கோடு (நிரல்) லைவிலும், அதாவது நிஜச் சந்தையிலும், ஓடும். எங்கள் தேர்வு இதுவே. வெக்டர் சலிப்பதற்கு மட்டும் போதும்.

லைவில் அடி விழுவது பெரும்பாலும் ஆர்டர் பகுதியில். ஆர்டர் போகிறது, புரோக்கரிடமிருந்து பதில் வரவில்லை, கோடு மறுபடி அனுப்புகிறது: 100 பங்கு வாங்க வேண்டிய இடத்தில் 200. அனுப்பும் முன்பே சொந்த ஆர்டர் ஐடி ஒன்றை உருவாக்கி டேட்டாபேஸில் எழுதிவிடுங்கள். டைம்அவுட் ஆனால் அந்த ஐடியைக் கொண்டு முதலில் புரோக்கரிடம் விசாரியுங்கள். ரீஸ்டார்ட் ஆனாலும் அப்படித்தான்: நிலுவை ஆர்டர்களையும் பொசிஷன்களையும் (இன்னும் முடிக்காமல் கையில் இருப்பவை) புரோக்கரிடம் கேட்டுச் சரிபார்த்த பிறகே ஸ்ட்ராட்டஜி கிளம்ப வேண்டும்.

பூஜ்யத்திலிருந்து எழுதத்தான் வேண்டுமா? பேக்டிரேடர், லீன், நாட்டிலஸ்டிரேடர் என மூன்று திறந்த மூல எஞ்சின்கள் ஏற்கெனவே உண்டு. பேக்டிரேடர் முழுக்கப் பைத்தான், படித்துப் புரிந்துகொள்ள எளிது. ஆனால் ஜிபிஎல் உரிமம் என்பதால், அதன்மேல் கட்டியதை வெளியிட்டால் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். லீன் சி ஷார்ப் மொழியில் எழுதப்பட்டது, பைத்தான் ஸ்ட்ராட்டஜியும் ஏற்கும், அப்பாச்சி 2.0 உரிமம் தாராளமானது. கோடுதான் பெரிது, உள்ளே கைவைக்கப் பொறுமை வேண்டும். நாட்டிலஸ்டிரேடரின் மையம் ரஸ்ட் மொழியில், ஸ்ட்ராட்டஜி பைத்தானில். வேகமும் லைவும் சேர்ந்தே வேண்டுமென்றால் இதுவே. வெர்ஷன் மாறும்போது ஏபிஐயும் (நம் கோடு அதை அழைக்கும் முறை) மாறக்கூடும், எனவே வெர்ஷனைப் பூட்டிவையுங்கள்.

இரண்டு எஞ்சினையும் வைத்துக்கொள்பவர்கள், கட்டணத்தையும் ஸ்லிப்பேஜையும் (எதிர்பார்த்த விலைக்கும் கிடைத்த விலைக்கும் உள்ள வித்தியாசம்) பூஜ்யமாக்கி ஒரே ஸ்ட்ராட்டஜியை இரண்டிலும் ஓட்டி டிரேட் பட்டியல்களை ஒப்பிடுங்கள். முதலில் எந்த டிரேடில் பட்டியல்கள் பிரிகின்றனவோ, அந்தப் பாரிலிருந்து பிழையைத் தேடத் தொடங்கலாம்.