ஹட்டனா, காட்மாண்டுவா?

கோத்தகிரி வீட்டைப் பூட்டிவிட்டு ஓராண்டு தன்னார்வப் பணிக்குக் குடும்பத்தோடு கிளம்ப இரண்டு வழிகள் எங்கள் முன் இருக்கின்றன: இலங்கை மலையகத்திலுள்ள ஹட்டன், நேபாளத்தின் காட்மாண்டு.

காகித வேலையில் நேபாளமே சுலபம். இந்தியருக்கு விசா தேவையில்லை. இலங்கைக்குச் சுற்றுலா விசாவில் போய்ப் பாடம் நடத்த முடியாது. வதிவிட விசா வேண்டும். கடிதம், படிவம் என்று அலைச்சல்தான்.

ஆனால் பிள்ளைகள்? காட்மாண்டுவில் நேபாளி மொழியை அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டும். ஹட்டனில் தமிழ்வழிப் பள்ளிகளே இருக்கின்றன. குளிரும் நம்மை மிரட்டாது. ஹட்டனைவிட உயரத்திலுள்ள நுவரெலியாவே 1,868 மீட்டர்தான், ஊட்டியைவிடத் தாழ்வு. தாத்தா அந்தப் பக்கத் தோட்டத்தில் தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டியவர். இந்திய வம்சாவளித் தொழிலாளரில் பலரை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்த 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் கப்பலேறி வந்து, தாயகம் திரும்பியோருக்காக அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் சேர்ந்தார். "திரும்பிப் போகவா அவ்வளவு பாடுபட்டோம்?" என்கிறார் பாட்டி. நியாயமான கேள்விதான். என்றாலும், லயன் வீடு (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு) என்றால் என்னவென்று எங்கள் வீட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. முதல் நாளே வேலையைத் தொடங்கிவிடலாம்.

நான் ஹட்டன் பக்கம். மனைவி இன்னும் விசாப் படிவத்தை முறைத்துக்கொண்டிருக்கிறார்.