அசெம்பிளியில் சைன்: சிப்பின் கட்டளையா, நூலகமா, அட்டவணையா?

கொழும்பில் அசெம்பிளியை, அதாவது சிப்பின் கட்டளைகளையே நேரடியாக எழுதும் மொழியை, தொடுபவர்களில் இரண்டு சாரார் உண்டு. பல்கலைக்கழகப் பாடத்துக்காக மடிக்கணினியில் எக்ஸ்86 (இன்டெல் வகைச் சிப்புகளின்) அசெம்பிளி எழுதும் மாணவர்கள் ஒரு சாரார். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகை வாங்கி நோண்டுபவர்கள் மற்றவர்கள். இருவருக்கும் என்றாவது ஒரு கோணத்தின் சைன் மதிப்பு தேவைப்படும். ஆனால் பதில் ஒன்றல்ல.

மடிக்கணினிக்காரர் முதலில் தேடிப்போவது சைனைச் சிப்பே கணக்கிடும் எஃப்சைன் கட்டளையை. 1980இல் வந்த 8087 என்ற இன்டெல் கணிதச் சிப்பில் அது இல்லை, டேன்ஜன்ட் மட்டும்தான். சைனும் கோசைனும் அதன் வழிவந்த 80387உடன் வந்தன. ஒரே வரியில் வேலை முடிகிறது, பார்க்க அழகு. துல்லியத்தில்தான் சறுக்கல். பை (π) மதிப்பை இரட்டைத் துல்லிய (64 பிட்) எண்ணாகக் கொடுத்தால் சரியான விடை 1.224647-ஐ 10இன் -16ஆம் அடுக்கால் பெருக்கியது. இன்டெல் சிப்பில் எஃப்சைன் தருவதோ அதே அடுக்கில் 1.224606. காரணம், கோணத்தைப் பையின் மடங்குகளைக் கழித்துச் சுருக்க உள்ளே வைத்திருக்கும் பை 66 பிட் மட்டுமே. கோணம் பையை நெருங்கினால், கழித்தபின் மிஞ்சும் நல்ல பிட்கள் கொஞ்சம்தான். கோணம் 2இன் 63ஆம் அடுக்கைத் தாண்டினால் இன்னும் வேடிக்கை: சி2 கொடியை (நிலையைச் சொல்லும் ஒரு பிட்) உயர்த்திவிட்டு எண்ணை அப்படியே விட்டுவிடும். கொடியைப் பார்க்காதவர் கோணத்தையே விடையென்று எடுத்துக்கொள்வார்.

இன்னொரு தொல்லையும் உண்டு. இன்றைய 64 பிட் நிரல்களில் தசம எண்கள் எக்ஸ்எம்எம் ரெஜிஸ்டர்கள் எனும் சிப்பின் உள் சேமிப்பிடங்களில் இருக்கும். அங்கிருந்து எஃப்சைன் வேலை செய்யும் பழைய எக்ஸ்87 ரெஜிஸ்டர்களுக்கு நேர்வழி கிடையாது. நினைவகத்தில் எழுதி, ஏற்றி, திரும்ப எழுதி எடுக்க வேண்டும்.

அதனால் மடிக்கணினியில் என் தெரிவு சி நூலகத்தின் சைன்தான். லினக்ஸில் கோணத்தை எக்ஸ்எம்எம்0இல் வைத்து அழைத்தால் விடை அதிலேயே வரும். அழைக்கும் முன் ஸ்டாக் (நிரலின் தற்காலிக நினைவக இடம்) 16 பைட் எல்லையில் நிற்கிறதா என்று பாருங்கள். எக்ஸ்எம்எம் ரெஜிஸ்டர் எதையும் நூலகம் காப்பாற்றித் தராது, லூப்பின் கூட்டுத்தொகையை அதில் வைத்திருந்தால் போச்சு. விண்டோஸில் எக்ஸ்எம்எம்6 முதல் 15 வரை அழியாமல் தப்பும், ஆனால் அழைப்பவர் 32 பைட் இடம் ஸ்டாக்கில் ஒதுக்கித் தர வேண்டும்.

சைனைத் தோராயமாகத் தரும் பல்லுறுப்புக் கோவையை நாமே எழுதலாமா? கோணம் 45 பாகைக்குள் என்று உறுதியானால் சரி. டெய்லர் தொடரை ஏழாம் அடுக்கு வரை எடுத்தாலே பிழை பத்து இலட்சத்தில் ஒன்றுக்கும் கீழ். எக்ஸ்எம்எம் ரெஜிஸ்டர்களில் இயங்கும் எஸ்எஸ்இ கட்டளைகளால் ஒரே நேரத்தில் நான்கு கோணங்களும் போடலாம். ஒலி, கிராபிக்ஸ் வேலைக்கு இதுவே வேகம்.

வர்க்கமூலம் மட்டும் விதிவிலக்கு. எஸ்எஸ்இ2இல் அதற்கென்றே கட்டளை இருக்கிறது, துல்லியமாகவும் தருகிறது. நூலகத்தைக் கூப்பிடுவது வீண் அலைச்சல்.

ஆர்டுயினோ ஊனோவுக்கு வந்தால் கதை வேறு. அதன் ஏட்மெகா328பி சிப்பில் மிதவைப் புள்ளி (தசம எண்) கணக்குக்கான வன்பொருள் இல்லை, வகுத்தல் கட்டளைகூட இல்லை. பெருக்கல் மட்டும் உண்டு. இங்கே சைன் மதிப்புகளை முன்பே கணக்கிட்டு வைத்த அட்டவணைதான் ராஜா. முழு வட்டத்தை 256 பங்காக்கி, ஒரு பைட்டைக் கோணமாக வைத்துக்கொள்ளுங்கள். 255க்குப் பின் தானாகவே 0க்குத் திரும்பும், சுருக்கும் வேலையே இல்லை. நிரல் தங்கும் 32 கிலோபைட் ஃபிளாஷ் நினைவகத்தில் 256 பைட் பெரிதல்ல. ஒரு மதிப்பைப் படிக்க மூன்று கடிகாரச் சுழற்சி. 256 பைட்டும் அதிகம் என்றால் கால் வட்டத்தை மட்டும் சேமிக்கலாம், ஆனால் குறியைத் திருப்பும் வரிகள் கூடும்.