வீட்டைச் சுற்றியுள்ள மண்ணுக்கு எது நல்லது: பேவரா, புல்லா, ஜல்லியா, செடியா?

வீடு கட்டி முடிக்கும்போது கையில் மிச்சம் இருப்பது கொஞ்சம் பணமும் கொஞ்சம் காலி இடமும்தான். அரை கிரவுண்டில் கட்டிய வீடு என்றால் முன்பக்கம் பத்தடி அகலம், இருபதடி நீளம் கிடைக்கும். அந்த 200 சதுர அடியை என்ன செய்வது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் கொத்தனாரே பதில் சொல்லிவிடுகிறார்: “பேவர் போட்டுடலாம் சார், சுத்தமா இருக்கும்.” அவர் சொல்வது முழுக்கத் தவறில்லை. ஆனால் செலவு, தண்ணீர், வெயில், பராமரிப்பு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால் என் கணக்கு வேறு. மண்ணை முழுதாக மூடுவதுதான் இருப்பதிலேயே விலை கூடிய வழி. மூடுவதற்குச் செலவழிக்கிறோம், பிறகு மூடியதால் வரும் சூட்டுக்கும் தண்ணீர்த் தட்டுப்பாட்டுக்கும் தனியாகச் செலவழிக்கிறோம்.

விலை ஊருக்கு ஊர் மாறும். வரிசை அவ்வளவாக மாறாது. நல்ல பேவரும் மெருகேற்றிய கூழாங்கல்லும் மேலே நிற்கும். அடுத்து கார்பெட்டாக வரும் புல், அதற்குக் கீழே சாதாரண ஜல்லி, கடைசியில் செடி.

பேவர் பிளாக்

இதன் பலத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வண்டி ஏற இறங்க வசதி. சேறு கிடையாது. குழாய் உடைந்தால் நாலு கல்லைப் பெயர்த்துவிட்டு வேலை முடிந்ததும் திரும்பப் பதிக்கலாம். சிமெண்டுத் தரையில் இது முடியாது. வயதானவர்கள் வழுக்காமல் நடக்கவும் சொரசொரப்பான பேவர் உதவும்.

இனி மறுபக்கம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். 200 சதுர அடி என்பது சுமார் 18.6 சதுர மீட்டர். ஐப்பசியில் ஒரே இரவில் 5 சென்டிமீட்டர் மழை பெய்வது நம் கடற்கரை ஊர்களில் சாதாரணம். அந்த ஒரு இரவில் முன்வாசலில் மட்டும் விழும் தண்ணீர் ஏறக்குறைய 930 லிட்டர். கல்லை மணல் படுக்கையில் பதித்திருந்தால் இடுக்கு வழியாக ஓரளவு கீழே இறங்கும். கான்கிரீட் தளம் போட்டு அதன்மேல் பதித்திருந்தால் அவ்வளவும் தெருவுக்குத்தான். 2003-லேயே தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். மாடியில் விழும் தண்ணீரைக் குழாய் வைத்துக் குழிக்கு இறக்கிவிட்டு, முற்றத்தில் விழுவதைச் சாக்கடைக்கு அனுப்பும் வீடுகளைப் பார்க்கும்போது மனது கேட்பதில்லை.

சித்திரை மாதத்து மதியத்தில் பேவர் மேல் வெறுங்காலோடு நின்று பாருங்கள். பகலில் வாங்கிய சூட்டை அது ராத்திரி வரை விடுவதில்லை, பக்கத்து அறை ஜன்னல் வழியாக அந்த அனல் உள்ளே வரும். இன்னொன்று, பலர் யோசிக்காதது: பேவரில் கோலம் சரியாக விழாது. ஒவ்வொரு இடுக்கிலும் கோடு உடையும். வாசற்படிக்கு நேரே நாலடிக்கு நாலடி மட்டும் வழவழப்பான சிமெண்டுத் தளம் போட்டுக்கொள்வது நல்லது.

சரி, வண்டி நிறுத்தியாக வேண்டுமே? சக்கரம் போகும் தடத்தில் மட்டும் இரண்டடி அகலத்தில் இரண்டு பட்டைகளாகக் கல் போடுங்கள். இருபதடி நீளத்துக்கு மொத்தம் 80 சதுர அடிதான் ஆகும். பேவர் செலவில் பாதிக்கு மேல் மிச்சம், நடுவிலும் ஓரத்திலும் மண் மண்ணாகவே இருக்கும். இந்த அலசலில் யாருக்காவது ஒரே ஒரு யோசனை பயன்பட வேண்டும் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

புல்தரை

கொரியன் கிராஸ் பார்க்க அழகு, அதில் எனக்கு மறுப்பே இல்லை. குழந்தைகள் விழுந்தாலும் அடிபடாது. ஆனால் அது கேட்கும் தண்ணீரைக் கணக்கில் எடுக்காமல் போடுகிறார்கள். கோடையில் வெயிலில் கிடக்கும் புல்லுக்குச் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு நாலைந்து லிட்டர் தேவைப்படும். 200 சதுர அடிக்கு அது தினமும் 75 முதல் 90 லிட்டர், மாதத்துக்கு 2,250 முதல் 2,700 லிட்டர். போர் வற்றி லாரித் தண்ணீர் வாங்கும் தெருவில் இது கட்டுப்படியாகாது.

அடுத்த சிக்கல் நிழல். கொரியன் புல்லும் அருகம்புல்லும் நல்ல வெயிலைக் கேட்பவை. காம்பவுண்டுச் சுவர் ஒருபக்கம், பக்கத்து வீட்டு மாடி மறுபக்கம் என்று இருக்கும் மனைகளில் ஓரங்கள் மெலிந்து மண் தெரிய ஆரம்பிக்கும். அப்புறம் கோரை. வெளியிலிருந்து கொட்டிய மண்ணோடு கோரைக் கிழங்கு வந்துவிட்டால், மேலே பிடுங்கப் பிடுங்க கீழே இருந்து முளைத்துக்கொண்டே இருக்கும்.

புல்தான் வேண்டும் என்று மனது சொன்னால் ஒரு சிக்கன வழி உண்டு. முழுக் கார்பெட்டாக விரிக்காதீர்கள். கொஞ்சம் வாங்கி, கையளவு துண்டுகளாகக் கிழித்து, அரையடி இடைவெளியில் நடுங்கள். சில மாதங்களில் படர்ந்து சேரும். விலை கொடுத்து வாங்கும் பெர்முடா கிராஸும் பிள்ளையாருக்கு மாலை கட்டும் நம் அருகம்புல்லும் ஒரே இனத்தைச் சேர்ந்தவைதான். கடையில் கிடைப்பவற்றில் பல, மெல்லிய இலைக்காகத் தேர்ந்தெடுத்த ரகங்கள். வயல் வரப்பில் இருந்து அருகு கொண்டுவந்து நட்டால் கொஞ்சம் முரடாக வளரும், செலவு இல்லை.

ஜல்லியும் கூழாங்கல்லும்

தண்ணீர் உள்ளே இறங்கும், சேறு ஆகாது. அந்த அளவில் பேவரைவிட மேல். ஆனால் மரத்தடியில் போடாதீர்கள். கல்லுக்குள் சிக்கிய சருகைப் பெருக்கி எடுப்பது பெரிய வேலை. கல்லுக்கு அடியில் பிளாஸ்டிக் தாளை விரித்தால் களை வராது என்பார்கள். தண்ணீரும் இறங்காது, பேவர் போட்டதற்குச் சமம்தான். வெள்ளைக் கூழாங்கல் முதல் மழைக்காலத்திலேயே பாசி பிடித்து மங்கிவிடும், அதற்கு அவ்வளவு விலை கொடுக்க வேண்டியதில்லை. மாடித் தண்ணீர் விழும் இடம், வெளிக்குழாயடி, சுவரோரப் பட்டை, இந்த மூன்றுக்கும் ஜல்லி அருமையான தேர்வு. முழு வாசலுக்கும் வேண்டாம்.

படரும் செடியும் ஒரு மரமும்

என் ஓட்டு இதற்குத்தான். வாய்க்கால் ஓரத்தில் தானாகப் படர்ந்து கிடக்கும் பொடுதலையைப் பார்த்திருப்பீர்கள். பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சுவார்களே, அதேதான். தரையோடு தரையாகப் படரும், கணுவுக்குக் கணு வேர் விடும், சின்னச் சின்ன வெளிர்ப்பூ பூக்கும். பூவுக்குத் தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் வரும். அவ்வப்போது மிதித்தாலும் தாங்கும். புல்லைப் போல அடிக்கடி வெட்ட வேண்டியதில்லை. கடுங்கோடையில் கொஞ்சம் மெலியும், ஒரு மழை பெய்ததும் திரும்பிவிடும். ஈரமும் நிழலுமான மூலைக்கு வல்லாரை, காய்ந்த வெயில் ஓரத்துக்குப் பத்துமணிப் பூ. மூன்றும் தண்டை ஒடித்து வைத்தாலே வரும். தெரிந்தவர் வீட்டில் கேட்டு வாங்கினால் செலவு ஆட்டோக் கூலி மட்டும்.

ஒரு எச்சரிக்கை. நர்சரியில் மஞ்சள் பூவோடு பளபளப்பான பச்சையில் வெடேலியா என்று தருவார்கள். மலிவு, வேகமாகப் படரும். அந்த வேகம்தான் ஆபத்து. உலகின் மோசமான 100 ஆக்கிரமிப்பு இனங்கள் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு வெளியிட்ட பட்டியலில் அது இருக்கிறது. வாங்காதீர்கள்.

மண்ணைத் திறந்து விட்டால் பாம்பு வரும் என்ற பயம் நியாயமானது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஆனால் பாம்பு தேடி வருவது எலியையும் தவளையையும் ஒளிய இடத்தையும். செங்கல் குவியல், பழைய பலகை, மூடாத சாக்கடை, இவைதான் அழைப்பு. சுவரை ஒட்டி மூன்றடிக்கு ஜல்லிப் பட்டை மட்டும் விட்டு, செடியைத் தாழ்வாக வைத்து, குப்பை சேரவிடாமல் பார்த்துக்கொண்டால் பயம் பெருமளவு குறையும். சுவரோரம் ஈரம் தேங்காமலும் இருக்கும்.

மரத்துக்கு வருவோம். மேற்குப் பக்கம் ஒரே ஒரு மரம் வைத்தாலும் பிற்பகல் வெயில் சுவரில் நேராக விழாது. வேம்பும் புங்கனும் அருமையான நிழல், ஆனால் சுவரிலிருந்து பத்தடிக்கு மேல் தள்ளி இடம் இருந்தால்தான். இடம் குறைவென்றால் முருங்கை. ஒரு போத்தை ஒடித்து ஊன்றினால் போதும், சீக்கிரம் வளரும், கீரையும் காயும் கிடைக்கும். கிளை காற்றுக்கு முறியும், கம்பளிப்பூச்சி சில மாதம் அப்பும், அதனால் படுக்கை அறை ஜன்னலுக்கு அருகில் வைக்காமல் வருடம் ஒருமுறை கவாத்து செய்ய வேண்டும். இந்தத் தொல்லை வேண்டாம் என்பவர்களுக்கு பவளமல்லி, கறிவேப்பிலை, மாதுளை. மூன்றும் வீட்டுக்கு அடங்கி வளரும். வேகமாகப் பச்சைச் சுவர் மாதிரி எழும்பும் என்று கோனோகார்பஸை யாராவது சிபாரிசு செய்தால் மறுத்துவிடுங்கள். குஜராத் அரசு 2023-ல் அதை நடவே தடை போட்டது. வேலிக்கு நொச்சியும் ஆடாதொடையும் இருக்கின்றன. இரண்டும் குச்சியில் வரும், ஆடாதொடையை ஆடு கடிக்காது.

பணத்தை எதில் போடுவது

புது வீட்டு முற்றத்தில் மேலாக இருப்பது பெரும்பாலும் மண்ணே இல்லை. சிமெண்டுக் கழிவு, உடைந்த ஓடு, சுண்ணாம்பு. அதில் எந்தச் செடி வைத்தாலும் வெளுத்துப்போகும். எனவே கையில் இருக்கும் தொகையில் பெரும் பங்கை மேல் ஓரடியைக் கிளறிக் கழிவை எடுக்கவும், செம்மண்ணும் மக்கிய தொழு உரமும் கலந்து நிரப்பவும் ஒதுக்குங்கள். தரை வீட்டிலிருந்து வெளிப்பக்கமாகச் சற்றே சரிய வேண்டும், ஆனால் கேட்டுக்கு முன்பே தண்ணீர் நின்று இறங்க ஒரு தாழ்வான பாத்தி இருக்க வேண்டும். அடுத்து சக்கரத் தடம். நடைபாதைக்குக் கடப்பாக் கல் அறுக்கும் பட்டறையில் ஒதுக்கிப் போட்ட துண்டுகளைக் கேட்டுப் பாருங்கள், முழுக் கல்லைவிட மலிவாகத் தருவார்கள். பழக்கன்றுகளை அரசுத் தோட்டக்கலைப் பண்ணையிலும், மரக்கன்றுகளை வனத்துறை நாற்றங்காலிலும் விசாரித்துவிட்டு அப்புறம் தனியார் நர்சரிக்குப் போகலாம்.

நடுவதைப் புரட்டாசியில் வைத்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை தண்ணீர் ஊற்றிக்கொள்ளும். தை பிறந்து வெயில் ஏறும்போது சருகையோ தென்னை நாரையோ வேரடியில் மூடாக்காகப் போட்டுவிட்டால், முதல் கோடையை வாரத்துக்கு இரண்டு மூன்று முறை நீரிலேயே தாண்டிவிடும்.