காலியில் கையுறை யாரிடம் இருக்க வேண்டும்? முழுநேரக் காப்பாளரும் துடுப்பாடும் காப்பாளரும்

இலங்கை டெஸ்ட் அணியின் விக்கெட் காப்பாளர் யார் என்ற வாக்குவாதம் யாழ்ப்பாணத்து மைதானங்களின் ஓரத்தில் இப்போது மறுபடியும் சூடு பிடித்திருக்கிறது. காரணம் வெளிப்படை. திமுத் கருணாரத்ன 2025 பெப்ரவரியில் தமது 100ஆவது டெஸ்ட்டோடு விடைபெற்றார். அதே ஆண்டு ஜூனில் அஞ்சலோ மெத்தியூஸும் காலி மைதானத்தில் கடைசி டெஸ்ட்டை ஆடி முடித்தார். துடுப்பாட்ட வரிசையில் இத்தனை அனுபவம் ஒரேயடியாகக் குறைந்ததும், "ஓட்டம் எடுக்கிறவனிடமே கையுறையையும் கொடுங்கள்" என்ற குரல் வலுக்கிறது.

நான் மற்றப் பக்கத்தில் நிற்கிறேன்: காப்பதையே முதல் வேலையாகக் கொண்டவரிடம்தான் கையுறை இருக்க வேண்டும். எங்கள் கழகத்தின் தேர்வுக் குழுவில் இருப்பவன் என்ற முறையில், இந்தப் பருவத்து இரண்டு நாள் ஆட்டங்களுக்கு இதே கேள்விக்கு முடிவு சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாம் இலக்கத்தில் ஆடும் நல்ல துடுப்பாட்டக்காரன் ஒருவன், கையுறையும் போடுவான். மற்றவன் எட்டாம் இலக்கத்துக்கு மேல் ஏற முடியாதவன்; ஆனால் காப்பதற்கென்றே பிறந்த கைகள். இரண்டாமவனை எடுத்தோம். "தம்பி, அவன் எத்தனை ஓட்டம் அடிப்பான்?" என்று கழகத்து மூத்தவர் ஒருவர் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

துடுப்பாடும் காப்பாளரின் பலம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஏழாம் இலக்கத்தில் உண்மையான துடுப்பாட்ட வீரர் ஒருவர் இருந்தால் ஐந்து பந்துவீச்சாளர்களை அச்சமின்றி எடுக்கலாம். அவுஸ்திரேலியக் காப்பாளர் அடம் கில்கிறிஸ்ட் 96 டெஸ்ட்களில் 17 சதம், சராசரி 47.60 என்று ஆடிக் காட்டிய பிறகு எந்த நாடும் காப்பாளரிடம் ஓட்டம் கேட்காமல் இருந்ததில்லை. 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் 328 ஓட்ட இலக்கை இந்தியா துரத்திப் பிடித்தபோது கடைசிவரை நின்று 89 எடுத்தவர் காப்பாளர் ரிஷப் பந்த். இதற்கெல்லாம் மறுப்பு இல்லை.

ஆனால் ஓட்டக் கணக்கையே எடுத்துக்கொண்டாலும் அதை முழுதாகப் போட வேண்டும். குமார் சங்கக்கார காப்பாளராக ஆடிய 48 டெஸ்ட்களில் அவரது சராசரி 40.48. கையுறையைக் கழற்றிவிட்டு ஆடிய 86 டெஸ்ட்களில் 66.78. இடைவெளி 26 ஓட்டங்களுக்கும் மேல். இளமையில் காத்தார், முதிர்ச்சியில் துடுப்பாடினார் என்பதால் இந்த வித்தியாசம் முழுவதையும் கையுறையின் தலையில் கட்ட முடியாது. பாதியைக் கழித்தாலும் மீதி பெரியது. 2006இல் கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானத்தில் தென்னாபிரிக்காவுக்கு எதிராக அவரும் மஹேல ஜயவர்தனவும் 624 ஓட்டங்களைச் சேர்த்தார்கள். சங்கக்கார 287 எடுத்த அந்த ஆட்டத்தில் காப்பாளர் பிரசன்ன ஜயவர்தன. அடுத்த ஆண்டு ஹோபாட்டில் 192 எடுத்தபோதும் கையுறை பிரசன்னவிடமே இருந்தது. பிரசன்னவின் சொந்தச் சராசரி 29.50தான். அவரை எடுத்ததால் சங்கக்காரவின் பெயரில் ஏறிய ஓட்டங்களையும் பிரசன்னவின் பக்கத்தில் சேர்த்துப் பார்த்தால்தான் அவருடைய மதிப்பு தெரியும். இரவெல்லாம் தோட்டத்துக்கு நீர் இறைத்தவனையே விடியலில் சுமையோடு சந்தைக்கும் அனுப்பினால், அவன் போய்ச் சேருவான். விலை பேசத்தான் தெம்பு இருக்காது. 150 ஓவர் குந்தி எழும்பியவரை மூன்றாம் இலக்கத்தில் இறக்குவதும் அப்படித்தான்.

இதற்கும் மேலே, என் முடிவைத் தீர்மானித்தது ஒரே விடயம். சுழல் பந்துக்கு ஸ்டம்புக்கு ஒட்டி நின்று காப்பது.

உள்நாட்டில் இலங்கையின் டெஸ்ட் வெற்றிகள் எங்கிருந்து வருகின்றன? சுழலிலிருந்துதான்: முத்தையா முரளிதரனின் 800 விக்கெட், ரங்கன ஹேரத்தின் 433, இப்போது பிரபாத் ஜயசூரிய. ஜயசூரிய 2022இல் காலியில் அவுஸ்திரேலியாவுக்கு எதிரான தம் முதல் டெஸ்ட்டிலேயே 12 விக்கெட் எடுத்தார். ஏழாவது டெஸ்ட்டில் 50 விக்கெட்டைத் தொட்டுவிட்டார். ஆக, காலியில் காப்பாளர் நாளின் பெரும்பகுதியை ஸ்டம்புக்குப் பின்னால் கையெட்டும் தூரத்தில் நின்றுதான் கழிக்க வேண்டும். வேகப் பந்துக்குத் தள்ளி நிற்கும்போது பந்தைப் பார்க்க நேரம் கிடைக்கும். ஒட்டி நிற்கும்போது துடுப்பாட்டக்காரரின் உடம்பே பந்தை மறைக்கிறது. பிட்ச் ஆகி, திரும்பி, மட்டையைத் தாண்டி வருவதற்குள் கை ஏற்கெனவே சரியான உயரத்தில் இருக்க வேண்டும்.

அந்த உயரம்தான் எல்லாம். விரல்கள் நிலத்தைப் பார்த்திருக்க, பந்து எழும்பும்போது கூடவே எழும்ப வேண்டும். அதற்கு முன்னே எழும்பக் கூடாது. பகுதிநேரக் காப்பாளர்கள் செய்யும் தவறு எப்போதும் இதுதான்: அரை நொடி முந்தி எழும்பிவிடுவார்கள். தாழ்ந்து வரும் பந்து கையுறைக்குக் கீழால் போய்விடும். நான்கு ஓட்டம் பைஸ் (மட்டையில் படாமல் கிடைக்கும் ஓட்டம்) என்று புத்தகத்தில் ஏறும். அதே பந்துக்கு மட்டை விளிம்பில் பட்டிருந்து பிடி நழுவியிருந்தால் புத்தகத்தில் எதுவுமே ஏறாது. கோட்டைத் தாண்டி நின்றவரை ஸ்டம்ப் செய்யாமல் விட்டாலும் அப்படியே. அந்தத் துடுப்பாட்டக்காரர் பிறகு எடுக்கும் ஓட்டங்கள் எல்லாம் பந்துவீச்சாளரின் கணக்கில்தான் விழும். ஆட்டம் முடிந்ததும் "சுழல் எடுபடவில்லை" என்று எழுதுவார்கள்.

துடுப்பாட்டக்காரனின் குறை ஓட்ட அட்டையில் எண்ணாகத் தெரிகிறது. காப்பாளரின் குறை எங்கும் எழுதப்படுவதில்லை. அதனால்தான் தேர்வுக் குழுக்கள் திரும்பத் திரும்ப எண் இருக்கிற பக்கத்துக்கே சாய்கின்றன.

பிரசன்ன 58 டெஸ்ட்களில் 32 ஸ்டம்பிங் செய்தார். கில்கிறிஸ்ட், சுழல் மன்னன் ஷேன் வோர்னுக்கே காத்தும், 96 டெஸ்ட்களில் 37. இலங்கை வீசும் சுழல் ஓவர்கள் அதிகம் என்பதை இதில் கழித்துத்தான் பார்க்க வேண்டும். ஆனால் முரளியின் தூஸ்ராவை (வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திரும்பும் பந்தை), துடுப்பாட்டக்காரருக்கு முன்னரே கையிலிருந்து வாசித்து நின்ற மனிதர் பிரசன்ன என்பதையும் மறக்கக் கூடாது. துடுப்பாட்டமும் அவருக்கு முற்றாக வராதது இல்லை. 2009இல் அகமதாபாத்தில் ஆட்டமிழக்காமல் 154 எடுத்து, மஹேலவோடு ஆறாவது விக்கெட்டுக்கு 351 சேர்த்தார்.

எங்கள் கழகத்தில் நாங்கள் எடுத்த பையனின் வேலையையும் சொல்ல வேண்டும். ஓர் ஆட்டத்தில் எங்கள் லெக் சுழலன் வீசிய பந்து கால் பக்கமாக வழுகிச் சென்றது. துடுப்பாட்டக்காரன் எட்டி அடிக்கப் பார்த்தான், தவறவிட்டான். பின்கால் வெள்ளைக் கோட்டின் மேல் இழுபட்டது. பையன் பந்தைப் பார்த்திருக்கவே முடியாது. இடது பக்கம் ஒரு தப்படி, பந்து கையுறைக்குள், அதே அசைவில் ஸ்டம்பின் மேலிருந்த பெயில் விழுந்தது. ஸ்குயர் லெக் நடுவர் கையை உயர்த்துமுன்பே துடுப்பாட்டக்காரன் நடக்கத் தொடங்கிவிட்டான். அன்றிலிருந்து அந்தச் சுழலன் பந்தை மேலும் தூக்கி வீசுகிறான். பின்னால் ஆள் இருக்கிறான் என்ற தைரியம் அது. அதே பருவத்தில் வேறோர் ஆட்டத்தில் பின்வரிசை சரிந்து சிறிய வித்தியாசத்தில் தோற்றோம். அன்று மூத்தவரின் கேள்வி என் காதில் ஒலித்தது. ஆனாலும் மாற்றவில்லை.

வெளிநாட்டு அணிகளுக்கும் காலி பாடம் நடத்தியிருக்கிறது. 2018 நவம்பரில் ஜொனி பெயார்ஸ்டோ காயமடைந்ததால் இங்கிலாந்து, காப்பதில் பெயர்பெற்ற பென் ஃபோக்ஸை இறக்கியது. அறிமுக டெஸ்ட்டிலேயே 107 எடுத்தார், நேர்த்தியாகக் காத்தார், இங்கிலாந்து தொடரை 3-0 என்று வென்றது. மறுபக்கமும் உண்டு: 2021இல், துடுப்பாடும் காப்பாளரான ஜோஸ் பட்லர் காத்த இங்கிலாந்தும் காலியில் இரண்டு டெஸ்ட்களையும் வென்றது.

தென்னாபிரிக்கா, இங்கிலாந்து போன்ற இடங்களைப் பற்றி இவ்வளவு உறுதியாகப் பேச மாட்டேன். எங்கள் அனுபவம் விரிப்பு ஆடுகளத்து அனுபவம். விரிப்பில் பந்து நெஞ்சுக்கு எழும்பும். காலியின் ஐந்தாம் நாள் தாழ்வை நான் பார்வையாளனாக மட்டுமே அறிவேன். வேகத்துக்குச் சாதகமான புல்தரையை அப்படிக்கூட அறியேன். அந்த நாடுகளில் காப்பாளர் தள்ளி நிற்பதால் துடுப்பாட்டத்துக்குக் கூடுதல் எடை கொடுப்பது சரியாகவே இருக்கலாம். 2019இல் தென்னாபிரிக்காவில் இலங்கை தொடரை 2-0 என்று வென்றபோது காத்தவர் நிரோஷன் திக்வெல்ல. ஒரு சதம்கூட இல்லாமல் 22 டெஸ்ட் அரைச்சதங்கள் எடுத்தவர் அவர். அவரை முழுநேரக் காப்பாளர் பக்கம் சேர்ப்பதா, துடுப்பாட்டப் பக்கம் சேர்ப்பதா என்பதில் எனக்கே தெளிவில்லை.

துடுப்பாடும் காப்பாளர் குசல் மெண்டிஸ்? 2023இல் கையுறை இல்லாமல் காலியில் அயர்லாந்துக்கு எதிராக 245 எடுத்தார். 2024இல் அதே காலியில், நியூசிலாந்துக்கு எதிராகக் காப்பாளராக ஏழாம் இலக்கத்தில் இறங்கி ஆட்டமிழக்காமல் 106; இலங்கை இன்னிங்ஸ் வெற்றி பெற்றது. அவர் கைகளில் குறை சொல்ல மாட்டேன். அவரிடம் கையுறை இருக்கும்வரை ஏழாம் இலக்கத்திலேயே விட வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். மெத்தியூஸும் கருணாரத்னவும் விட்ட இடத்தை நிரப்ப அவரை மேலே கொண்டுவரத் தேர்வாளர்கள் விரும்பினால், கையுறையை அன்றே கழற்றி, உள்ளூர்ப் போட்டிகளில் சுழலுக்கு நாள் முழுக்க ஒட்டி நிற்கும் காப்பாளரிடம் கொடுக்கட்டும். அவர் எட்டாம் இலக்கத்தில் 25 ஓட்டம்தான் எடுப்பார் என்றாலும், காலியில் ஜயசூரிய வீசும்போது நான் அவரைத்தான் எடுப்பேன்.