15 ஹெச்பி அவுட்போர்டு: என்ஜின்மேல் குறையில்லை, பெட்ரோல் குழாய்மேல்தான்

என்னிடம் இருக்கும் அதே அவுட்போர்டை, அதாவது படகின் பின்புறம் மாட்டும் மோட்டாரை, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். 15 ஹெச்பி, ஃபோர் ஸ்ட்ரோக், கார்புரேட்டர் மாடல், தனி டேங்க். சில வருடங்களாக ஓட்டுகிறேன். இப்போதுதான் ஒரு ரிப்பேர் முடிந்து கைக்கு வந்திருக்கிறது. மற்ற விவரமெல்லாம் அவருக்கே தெரியும். என்னை இத்தனை நாள் படுத்தி எடுத்த ஒரே விஷயத்தைச் சொல்கிறேன்: டேங்கிலிருந்து என்ஜினுக்குப் பெட்ரோல் போய்ச் சேரும் வழி.

நல்லதை முதலில் சொல்லிவிடுவதுதான் நியாயம். சோக்கை இழுத்துக் கயிற்றைச் சுண்டினால் ஒன்றிரண்டு இழுப்பில் பிடித்துக்கொள்ளும். ஐட்லிங்கில் எதிரே இருப்பவரிடம் குரலை உயர்த்தாமல் பேசலாம். ஆயில் கலக்கும் வேலை இல்லை, புகை இல்லை. இந்த என்ஜினைச் செய்தவர்களுக்கு வேலை தெரியும்.

ஆனால் முழு த்ராட்டில் கொடுத்துக் கொஞ்ச நேரம் ஆனதும் வேகம் தானாக இறங்கும். திணறும், சில சமயம் நின்றே போகும். சற்று விட்டுக் கயிற்றை இழுத்தால் ஒன்றும் நடக்காததுபோல ஓடும். மறுபடி முழு வேகம், மறுபடி திணறல். காரணம் எளிதுதான். கார்புரேட்டரின் ஃப்ளோட் கிண்ணத்தில் எப்போதும் கொஞ்சம் பெட்ரோல் நிற்கும். மெதுவாகப் போகும்போது உள்ளே வருகிற சொற்பமே போதும். முழு வேகத்தில் செலவு வரவை மிஞ்சி, கிண்ணம் வற்றிவிடும்.

சர்வீஸுக்குக் கொடுத்தேன். ஸ்பார்க் பிளக்கை மாற்றினார்கள். அடுத்த முறை கார்புரேட்டரைக் கழற்றி ஜெட்டைச் சுத்தம் செய்தார்கள். இரண்டுமே கெடாத இடங்கள். என்ஜின் திணறும் நேரத்தில் குழாயின் நடுவிலிருக்கும் பல்பை, அதாவது அமுக்கிப் பெட்ரோலை ஏற்றும் ரப்பர் உருண்டையை, கையால் நாலு அமுக்கு அமுக்கிப் பார்த்தால் போதும். உடனே என்ஜின் தெம்பாகிவிட்டால் கார்புரேட்டர்மேல் பழியில்லை. கோளாறு டேங்குக்கும் என்ஜினிலிருக்கும் பெட்ரோல் பம்புக்கும் இடையில், அல்லது அந்தப் பம்பிலேயே. ஒரு நிமிட வேலை. அதைச் செய்யாமல் கார்புரேட்டரைப் பிரித்தார்கள் என்பதில் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

பல்பே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். ஓடும்போது அது ஒட்டிப்போய்ச் சப்பையாகிவிட்டால், அதற்குப் பின்னால், டேங்க் பக்கம் எங்கோ அடைப்பு: டேங்க் மூடியின் காற்றுத் திருகு திறக்கவில்லை, உறிஞ்சு குழாயின் சல்லடையில் அழுக்கு, இல்லையென்றால் குழாய் எங்காவது மடங்கியிருக்கிறது. சப்பையாகாமல் தொளதொளவென்று இருந்தால் காற்றைச் சந்தேகிக்க வேண்டும். என்னுடையது இரண்டாவது வகை.

பல்புக்கும் என்ஜினுக்கும் நடுவே, பெட்ரோல் தாங்கக்கூடிய ஒளிபுகும் குழாய் ஒரு சாண் அளவு மாட்டி ஓட்டிப் பார்த்தேன். சோதனைக்கு மட்டும்தான், முடிந்ததும் கழற்றிவிட வேண்டும், பக்கத்தில் நெருப்பே கூடாது. மெதுவாக ஓடும்வரை குழாயில் தெளிந்த பெட்ரோல். த்ராட்டில் ஏற ஏறக் கடுகளவில் குமிழிகள், அப்புறம் விரல்நீளக் காற்றுத் துண்டுகள், பின்னாலேயே திணறல். டேங்கில் சொருகும் கனெக்டரைக் கழற்றினேன். உள்ளே இருந்த ஓ-ரிங், அதாவது காற்றுப் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையம், ஒரு பக்கம் தட்டையாகி, வளைத்துப் பிடித்தால் மட்டுமே கண்ணில் படுகிற மெல்லிய வெடிப்போடு இருந்தது.

வெளியே ஒரு சொட்டுக்கூடக் கசிந்ததில்லை. கசியாது. டேங்கிலிருந்து பல்புவரை பெட்ரோல் உறிஞ்சப்படுகிறது. அங்கே ஓட்டை விழுந்தால் பெட்ரோல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். பல்பை அமுக்கினாலும் அழுத்தம் என்ஜின் பக்கம்தான் போகும், பல்பின் டேங்க் பக்க வால்வு மூடிக்கொள்ளும். அதனால் எத்தனை முறை துடைத்துப் பார்த்தாலும் அந்த இடம் காய்ந்துதான் இருக்கும்.

ரப்பர் தேயும், ஒத்துக்கொள்கிறேன். எத்தனால் கலந்த பெட்ரோலில், அதற்கென்று செய்யாத ரப்பர் சீக்கிரமே கெட்டுப்போகும். அந்தப் பெட்ரோல் நீண்ட நாள் நின்றால் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். அதற்காக, மோட்டாரை ஓரம்கட்டி வைக்கும்போது ஃப்ளோட் கிண்ணத்தை வடித்துவிடுகிறேன். இதெல்லாம் உரிமையாளர் செய்ய வேண்டிய வேலை, அதில் எனக்குச் சங்கடமில்லை. ஆனால் இத்தனை நேர்த்தியான என்ஜினின் உயிர் ஒரு மெல்லிய ரப்பர் வளையத்தில் தொங்குகிறது. அந்த வளையமோ தனியாகக் கிடைப்பதில்லை, முழு கனெக்டரையும் வாங்கச் சொல்கிறார்கள். இதை என்னால் சகித்துக்கொள்ள முடியவில்லை.

குழாய், பல்ப், இரண்டு முனைக் கனெக்டர்கள் எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். இப்போது முழு வேகத்தில் பிசிறில்லாமல் ஓடுகிறது. இந்த அளவு மோட்டார்களில் இதைவிட இதமாக ஓடுகிற என்ஜினை நான் கையாண்டதில்லை. இருந்தாலும் இன்றைக்குக் கேட்டால் வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். எதிர்காற்றில், கரை தூரத்தில் தெரிய, என்ஜின் நின்று படகு பக்கவாட்டில் திரும்புகிறபோது ஐட்லிங் சத்தத்தின் இனிமை யாருக்கு வேண்டும்?

அதையும் மீறி வாங்குவதாக இருந்தால், பணம் கொடுக்கும் முன் படகில் மாட்டி முழு த்ராட்டிலில் பத்து நிமிடமாவது விடாமல் ஓட்டிப் பாருங்கள். கரையில் ஸ்டார்ட் செய்து காட்டுவதை மட்டும் பார்த்துத் தலையாட்டிவிடாதீர்கள்; அப்போது கிண்ணத்தில் பெட்ரோல் நிறைந்தே இருக்கும்.